அரை நாள் குறைந்த டாக்டர்

"சாமி, எனக்கு அரை நாள் குறைகிறது."

"ஆயுளிலா?"

"அனுபவத்தில்."

ஒற்றைப்பாறைச் சாமி கண்ணைத் திறந்தார்.

எதிரே மூச்சு வாங்க நின்றவர் டாக்டர் ஆவுடையப்பன். அரசு மருத்துவக் கல்லூரியில் அனாடமி இணைப் பேராசிரியர். பிணத்தை அறுத்து, மனித உடம்பு இன்னின்னதால் ஆனது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிற பாடம் அது. சாமிக்கு வயது முப்பத்துநாலு. டாக்டருக்கு இந்த மாதக் கடைசியோடு அறுபது முடிகிறது, வேலையும் முடிகிறது.

டாக்டரோடு மூன்று மூட்டை கேஸ்கட்டும் மலையேறி வந்திருந்தது. பஸ்ஸில் அதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள். அடிவாரத்தில் ஒரு கழுதை பிடித்தார். பாதி மலையில் கழுதை உட்கார்ந்துவிட்டது. தள்ளிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். எழவில்லை.

"வாய்தா கேக்குது சார்," என்றான் கழுதைக்காரன்.

மீதி மலையை டாக்டரே சுமந்தார்.

"திங்கட்கிழமை கடைசி விசாரணை, சாமி. இந்தக் கட்டுகளை உங்கள் கையால் ஒருமுறை தொட்டுக் கொடுத்தால் போதும்."

சாமி தொடவில்லை. பேசவும் இல்லை.

சாமி பேசாத நேரத்தில் பேசுவதற்குச் சடையம்மாள் இருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சுகிறவள்.

"அரை நாளுன்னா என்னய்யா? வெவரமாச் சொல்லுங்க. எங்க சாமி கிழமைகூடப் பாக்கறதில்ல."

டாக்டர் சொன்னார்.

"பேராசிரியர் ஆகவேண்டுமானால் இணைப் பேராசிரியராக ஐந்து வருடம் இருந்திருக்கவேண்டும் அம்மா. எனக்கு ஐந்து வருடம் இருந்தது. அரை நாள் குறைய."

"அம்புட்டு நுணுக்கமா எண்ணுனது யாரு?"

"பூதலிங்கம்."

டாக்டர் பூதலிங்கமும் அதே துறை, அதே பதவி, அடுத்த அறை. நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் இரண்டு பேரும் பேசிக்கொள்வது ஐகோர்ட் வழியாக.

"சர்க்கார் வேலையில் சேருகிற அன்று, முற்பகலில் சேர்ந்தேனா பிற்பகலில் சேர்ந்தேனா என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். முற்பகல் என்றால் முழு நாள். பிற்பகல் என்றால் அரை நாள். நான் பிற்பகல் என்று போட்டுத் தொலைத்துவிட்டேன். ஐந்து வருடம் கழித்து என்னைப் பேராசிரியராகத் தேர்வு செய்தார்கள். மறுநாளே பூதலிங்கம் அந்த அரை நாளைக் கண்டுபிடித்துத் தடை வாங்கிவிட்டார்."

"இது எப்ப நடந்தது?"

"பதினோரு வருடம் ஆகிறது."

பதினோரு வருடத்தில் ஒன்பது நீதிபதிகள் மாறினார்கள். முதல் நாள் இந்தக் கேஸைக் கூவி அழைத்த டவாலி ஓய்வு பெற்று, அவர் மகள் அதே வேலைக்கு வந்து, இப்போது அவளுக்கும் தொண்டை கட்டிவிட்டது.

டாக்டர் பையிலிருந்து ஒரு பித்தளைப் பலகையை எடுத்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்தது. பிரித்துக் காட்டினார்.

டாக்டர் வே. ஆவுடையப்பன், பேராசிரியர்.

"தேர்வான அன்று செய்யக் கொடுத்தது. வருடா வருடம் ஆயுதபூஜைக்குத் துலக்கி, பொட்டு வைத்து, மறுபடி சுற்றி வைத்துவிடுவேன். திங்கட்கிழமை ஜெயித்தால் இதைக் கதவில் மாட்டலாம். ஒரு நாள், சாமி. ஒரே ஒரு நாள் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டு ரிட்டயர் ஆகிவிடுகிறேன்."

குரல் கம்மியது.

சடையம்மாள் பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். கஞ்சிப் பானைமேல் வைத்தாள்.

"மூடி இல்லாம ரொம்ப நாளாக் கஷ்டப்பட்டேன். அளவெடுத்த மாதிரி இருக்கு."

"அம்மா, அது..."

"கஞ்சி வெந்ததும் தாரேன்."

இப்போது சாமி கேட்டார்.

"அந்த அரை நாள் எங்கே இருந்தீர்கள்?"

டாக்டருக்குத் தெம்பு வந்துவிட்டது. முதல் மூட்டையை அவிழ்த்தார்.

"முதல் பிரமாணப் பத்திரம், நாலாவது பத்தி. நான் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது."

சாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது மூட்டை.

"கூடுதல் பிரமாணப் பத்திரம். நான் சரியான நேரத்துக்கு வந்துவிட்டேன். கிளார்க்தான் டீ குடிக்கப் போயிருந்தார்."

சாமி இமைக்கவில்லை.

மூன்றாவது.

"கிளார்க்கும் இருந்தார், நானும் இருந்தேன். ஆபீஸ் கடிகாரம் இரண்டு மணி நேரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது."

இந்த மூன்றாவது வாதத்தால் அந்தக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டுபோய்க் கோர்ட்டில் சாட்சிப்பொருளாக வைத்துவிட்டார்கள். ஏழு வருடமாகக் கோர்ட்டில் அது சரியாக ஓடுகிறது. கல்லூரி ஆபீஸில்தான் அன்றிலிருந்து யாருக்கும் மணி தெரியாது. பசித்தால் மத்தியானம், கொட்டாவி வந்தால் சாயங்காலம்.

"இந்த மூன்றில் நீங்கள் எதில் இருந்தீர்கள்?" என்றார் சாமி.

டாக்டர் மூட்டைகளைப் பார்த்தார்.

"எதிலும் இல்லை."

"பின்னே?"

"அது கேஸுக்கு உதவாது, சாமி. வெளியே சொல்லக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்."

சாமி வற்புறுத்தவில்லை. வலது கையை நீட்டினார். கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு, மணிக்கட்டை லேசாக மடக்கினார்.

மணிக்கட்டின் நடுவே கயிறு போல ஒன்று விடைத்து எழுந்தது.

ஏதோ முத்திரை காட்டுகிறார் என்று நீங்களும் நானும் கும்பிட்டிருப்போம். டாக்டர் ஆவுடையப்பன் கும்பிடவில்லை. மூட்டைகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, சாமியின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதைப் பார்த்தீர்களா? முதல் வருடப் பிள்ளைகள் எல்லோரும் ஏமாறுகிற இடம். இதைக் கண்டதும் நரம்பு, நரம்பு என்று கத்துவார்கள். இது நரம்பே இல்லை. தசைநார். நரம்பு இதற்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. கத்தியை வைத்து இதை அசைத்தால் உள்ளங்கையைப் பிடித்து இழுக்கும். நரம்பை அசைத்தால் ஒன்றும் இழுக்காது, சும்மா கிடக்கும். ஆனால் உயிரோடு இருப்பவனுக்கு அதை வெட்டினால் கட்டைவிரல் செத்துவிடும். அம்மா, நீங்களும் கையை நீட்டுங்கள்!"

சடையம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

"ஆத்தாடி! எனக்கும் இருக்கு!"

"இருக்கும், இருக்கும். விரலை ஒவ்வொன்றாக மடக்குங்கள். அவசரமில்லை. ம்... இப்போது அடுத்த விரல்."

டாக்டர் குரலில் இருந்த கம்மல் எங்கேயோ போயிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. நான் பதினைந்து என்றே சொல்வேன்.

சாமி இடது கையை நீட்டினார். அதேபோல் விரல் சேர்த்து, அதேபோல் மடக்கினார்.

ஒன்றும் எழவில்லை. மணிக்கட்டு வழவழவென்று இருந்தது.

"ஐயோ, சாமிக்குக் குறையா?" என்றாள் சடையம்மாள்.

"என்னம்மா குறை? நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்கு இது இருக்காது. இல்லாமலே பிறப்பார்கள். இல்லை என்பதே சாகும்வரை தெரியாது. ஒரு வேலையும் நிற்காது. கஞ்சி குடிக்கலாம், கையெழுத்துப் போடலாம்..."

"காதல் கடிதமும் எழுதலாம்," என்றார் சாமி.

டாக்டர் நிறுத்தினார்.

"அன்றைக்கு அதையும் சேர்த்துச் சொன்னீர்கள். என் கையில் இது இல்லை என்று தெரிந்ததும், டாக்டராக லாயக்கில்லை என்று துரத்திவிடுவார்களோ என்று அழுதேன். நீங்கள் இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்."

"அன்றைக்கா?"

"பதினாறு வருடம் ஆகிறது. காலை எட்டரையிலிருந்து மத்தியானம் ஒன்றரை வரை. கடைசி மேஜை, சார்."

டாக்டர் சாமியின் கையை விடவே இல்லை.

பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"சேருகிற அன்று எட்டரைக்கே வந்துவிட்டேன். ஆபீஸுக்கு வழி கேட்டுப் போகிறேன். வழியில் பிணம் அறுக்கிற மண்டபம். கதவு திறந்திருந்தது. நூற்றைம்பது பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் கத்தி வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். வாத்தியார் யாரும் இல்லை. ஒரு பெண் ஓடி வந்து, சார், இது நரம்பா தசைநாரா என்று கேட்டது. பையைக் கீழே வைத்தேன். பதில் சொன்னேன். தலை நிமிர்ந்தால் மணி ஒன்றரை."

"ஆபீஸுக்குப் போனீர்கள்."

"போனேன். பிற்பகல்னுதான் போடணும் சார் என்றார் கிளார்க். போட்டேன்."

"இதையே கோர்ட்டில் சொல்லியிருக்கலாமே?"

"வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நீங்கள் அந்நியர், சர்க்கார் பிணத்தை அந்நியர் தொட்டது அத்துமீறல், அதற்கும் சாட்சி வேறு கிடையாது, வாயைத் திறக்காதீர்கள் என்றார். சாட்சி ஒன்று இருந்தால் கதையே வேறு..."

பாதியில் எழுந்து நின்றுவிட்டார்.

"சாமி! நீங்கள்தான் சாட்சி! எழுதிக் கொடுங்கள். நான் ஜெயித்துவிட்டேன்!"

சாமி தாள் கேட்டார். மூட்டையில் தாளுக்கா பஞ்சம்? பூதலிங்கத்தின் பதில் மனு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார். மூன்றே வரி. மடித்துக் கொடுத்தார்.

டாக்டர் அதைச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"ஐயா, உங்க பலகை!" என்று சடையம்மாள் கத்தினாள். ஆனால் எடுத்துக்கொண்டு ஓடிவரவில்லை. கஞ்சி அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது.

பாதி மலையில் கழுதை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. டாக்டரும் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிரித்தார்.

'அன்று முற்பகல் விரலில் ஆரம்பித்து மணிக்கட்டு வரை சொல்லிக்கொடுத்தார்.

மீதியை நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

அவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். வருடம் முடியும்வரை காத்திருந்துவிட்டு நான் இங்கே வந்துவிட்டேன்.'

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். அவர் சேர்ந்த அன்று பிற்பகலே பூதலிங்கத்தின் முதல் நோட்டீஸ் வந்தது, யார் சீனியர் என்று. மறுநாள் காலை வக்கீல் வீடு. அதற்கு மறுநாளும் வக்கீல் வீடு. பூதலிங்கமும் எதிர் வக்கீல் வீட்டில். அதன் பிறகு...

வகுப்புக்குப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு கையிலேயே விரல் மிச்சமிருந்தது.

"சார், இப்ப எந்திரிச்சிரும்னு நெனைக்கிறேன்," என்றான் கழுதைக்காரன். "மூட்டையெல்லாம் எங்க?"

டாக்டர் திரும்பி மலையைப் பார்த்தார்.

கழுதை எழுந்து நின்றது.

திங்கட்கிழமை காலை பத்தரை மணி. டவாலிப் பெண் கட்டிய தொண்டையில் மூன்று முறை கூவினாள். டாக்டர் பூதலிங்கம் நாலு மூட்டை கேஸ்கட்டோடு முன்வரிசையில் தயாராக இருந்தார். ஆவுடையப்பனின் வக்கீல் சந்தானகோபாலன் மட்டும் தனியாக எழுந்தார்.

பத்தாவது நீதிபதி கேட்டார்.

"உங்கள் கட்சிக்காரர் எங்கே?"

"கல்லூரியில், மை லார்ட்."

"கடைசி விசாரணை அன்றா? அங்கே என்ன செய்கிறார்?"

சந்தானகோபாலன் செல்போனைப் பார்த்தார். கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"முழங்கை நடத்துகிறாராம், மை லார்ட்."

"எப்போதிலிருந்து?"

"எட்டரையிலிருந்து."

பூதலிங்கம் துள்ளி எழுந்தார்.

"வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாரா, கேளுங்கள் மை லார்ட்!"

வக்கீல் மறுபடி செல்போனைப் பார்த்தார்.

"இன்னும் போடவில்லையாம்."

"ஆங்! அப்படியானால் இன்றைக்கும் அரை நாள் குறைகிறது! மொத்தம் ஒரு முழு நாள்! குறித்துக்கொள்ளவேண்டும், மை லார்ட்!"

சாட்சிப்பொருள் மேஜையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களும் அனாடமிதானே, டாக்டர்?"

"ஆமாம், மை லார்ட். இருபத்துமூன்று வருடம். முற்பகலில் சேர்ந்தவன்."

"நல்லது. எனக்கு ஒரு சந்தேகம். முழங்கைக்கு மேலே என்ன வரும்?"

பூதலிங்கம் வாயைத் திறந்தார். தன் கையை ஒருமுறை பார்த்தார்.

பிறகு அவசர அவசரமாகக் கேஸ்கட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.