மஞ்சள் வட்டு

தெய்வசிகாமணிக்கு நாற்பத்தெட்டு வயது. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். அவருக்கு ஷட்டில் சொல்லிக்கொடுக்கும் நவீனாவுக்கு இருபத்தாறு. ஆனாலும் அவளை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கான மாவட்ட அணித் தேர்வின் கடைசி ஆட்டம் மறுநாள் காலை. இரண்டு வருடமாக அதே கட்டத்தில் தோற்று வெளியே வந்தவர் அவர். இந்த முறையும் தோற்றால் மட்டையைப் பரண்மேல் போட்டுவிடுவதாக மனைவியிடம் சத்தியமே செய்திருந்தார்.

எந்த மூலைக்கு ஓடினாலும் நடுவுக்கு வந்துவிட வேண்டும் என்று எவரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். மூன்று வருடமாக ஆடுகளத்தின் நடுவில் ஒரு மஞ்சள் ரப்பர் வட்டைப் போட்டு, அதன்மேல் வந்து நின்று பழகினார். வீட்டுக் கூடத்திலும் ஒரு வட்டு உண்டு. மனைவி அதில் இரண்டு முறை தடுக்கியிருக்கிறார்.

இந்த மாதம்தான் நவீனாவிடம் சேர்ந்தார்.

"மாஸ்டர், என் கால் இப்பச் சரியா வருதுங்களா?"

"ஷட்டில் இல்லாம ஓடிக் காட்டுங்க சார். நான் கை காட்டற மூலைக்குப் போயிட்டு வாங்க."

ஓடினார். பின்மூலை, வட்டு. முன்மூலை, வட்டு. அவர் மூலைக்கு ஓடும்போதெல்லாம் நவீனா வட்டைக் காலால் ஒரு சாண் ஓரமாகத் தள்ளினாள். அவர் கவனிக்கவில்லை. வியர்க்க வியர்க்க வட்டுக்கே வந்து நின்றார்.

பன்னிரண்டாவது முறை, "நில்லுங்க சார்" என்றாள்.

குனிந்து பார்த்தார். வட்டு காலடியில்தான் இருந்தது. ஆடுகளத்தின் ஓரக்கோடும் காலடியில்தான் இருந்தது.

"இங்க எப்பிடி வந்தேன்?"

"நீங்கதான் வந்தீங்க."

"வட்டுக்குத்தானுங்களே வந்தேன்?"

"ஆமா. ஒரு தடவகூடத் தப்பல."

பாராட்டா, திட்டா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

நவீனா வட்டை எடுத்துப் பையில் போட்டாள். வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"ஆடலாம் வாங்க."

ஆடினார்கள். அடித்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அவர் கண் தானாகத் தரைக்குப் போனது. நிமிர்வதற்குள் ஷட்டில் பக்கத்தில் விழுந்தது. ஐந்து புள்ளி போயிற்று. ஆறாவது ஷட்டில் எந்தப் பக்கம் வந்தது என்றே தெரியவில்லை.

அவர் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு வலையருகே வந்தார்.

"நாளைக்கு ஆட்டத்த வெச்சுக்கிட்டு இப்பிடிக் குழப்பறீங்களே மாஸ்டர். மூணு வருசம் ஓடுனது வீணுங்களா?"

"கால் நல்லாத்தான் ஓடுது சார்."

"அப்ப எங்க வந்து நிக்கறது? அத மட்டும் சொல்லிருங்க."

"நாளைக்கு யார்கூட ஆட்டம்?"

"ரங்கதுரை. போன ரெண்டு வருசமும் என்னைத் தோக்கடிச்சாரே, அவரேதான். இடதுகைக்காரர்."

"அப்ப அவரைத்தான் கேக்கணும்."

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று புரியவில்லை.

"அவரு எதுக்குங்க எனக்குச் சொல்லப்போறாரு?"

நவீனா மட்டையை உறையில் போட்டு மூடினாள்.

"ரெண்டு வருசமும் ஒவ்வொரு அடிக்கும் கையைத் தூக்கறப்பவே எங்க அடிக்கப்போறாருன்னு சொல்லியிருப்பாரு சார். நீங்க கீழ வட்டைத் தேடிட்டு இருந்திருப்பீங்க."