சலேத்மேரியின் உச்சி விளக்கு

ஆணிமுத்துத்துறைக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. உப்புக்காற்று பட்டால் துருப்பிடித்துவிடும் என்று வெளியே எடுக்காமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த ஊரில் சொந்தக்காரர்கள் உண்டு. அதனால் குறைத்துத்தான் சொல்லுவேன்.

அந்த ஊரில் 'சலேத்மேரி' என்று ஒரு பாய்மரத் தோணி. அதை ஓட்டும் தண்டல் கயத்தான். கூட வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர், தம்பி சந்தியாகுவும் மச்சான் இஞ்ஞாசியும். கயத்தானுக்கு ஒரே மகள் பிலோமினா. பன்னிரண்டாவது வரை படித்தவள். அந்தக் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். முரல்தீவில் எஸ்தாக்கி என்ற பையனுக்கு அவளைப் பேசி முடித்து, கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாகிவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்ணை ஏற்றிக்கொண்டு பாய் விரித்தால் விடியும்போது தீவு வந்துவிடும்.

வியாழக்கிழமை துறைமுக அதிகாரி தோணியைப் பார்க்க வந்தார். "பாய்மர உச்சி விளக்கு எரியுதா?" என்று கேட்டார்.

"எரியல சார்" என்றான் சந்தியாகு. அவன் பொய் சொல்ல மாட்டான்.

"அப்ப மாத்துங்க. எதிர்ல வர்ற கப்பலுக்கு நீங்க இருக்கறதே தெரியாது. நாளைக்கு சாயங்காலம் விளக்கு எரிஞ்சாத்தான் பர்மிட்."

பர்மிட் இல்லாவிட்டால் தோணி இல்லை, தோணி இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. "ஒத்தப் பிள்ளை, ஏல! அவ கழுத்துல தாலி ஏறலைன்னா நான் கடல்ல விழுந்துருவேன்" என்று கயத்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது. முதலில் வயர் வாங்க வேண்டும். எவ்வளவு நீளம்? பாய்மரத்தை அளப்பது கஷ்டம், அதன் நிழலை அளப்பது சுலபம் என்று கயத்தான் கண்டுபிடித்தார். நிழல் தண்ணீரில் விழுந்து கிடந்தது. இஞ்ஞாசி கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நிழலின் நுனிவரை நீந்திப் போனான்.

"எழுவது அடி, அத்தான்! ஆனா இங்கன விளக்கைக் காணோம்!"

இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை அளந்தார்கள். நாற்பது அடி. கயத்தான் தாடையைத் தடவினார். "மரம் குறையுது. அவசரப்படாதீங்க. இன்னும் குறையட்டும், வயர் மிச்சம்." உச்சி வெயிலில் நிழல் மூன்றடிக்கு வந்ததும், "இப்ப ஓடு" என்று சந்தியாகுவைக் கடைக்கு விரட்டினார்.

எலக்ட்ரிக் கடைக்காரருக்கு ஆணிமுத்துத்துறையைத் தெரியும். மூன்றடி கேட்டதும் அறுபது அடி வெட்டிக் கொடுத்தார். புது விளக்கையும் கொடுத்து, புத்தியும் சொன்னார். "மேல ஏறுனா ஒரு கை மரத்தைப் பிடிக்க, ஒரு கைதான் வேலை செய்ய. மறந்துராதீங்க. அப்புறம், விளக்குக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போவக்கூடாது."

சந்தியாகு இரண்டையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

வயருக்குள் இரண்டு கம்பி இருந்தது கயத்தானுக்குப் பிடிக்கவில்லை. "ஒண்ணு போதாதா?"

"ஒண்ணு வழியா கரண்டு மேல போவுமாம், இன்னொண்ணு வழியா திரும்பி வருமாம்."

"திரும்பி வாறதுக்கு எதுக்குப் போவணும்?"

"கோயிலுக்குப் போனா வீட்டுக்கு வரமாட்டோமா, அண்ணே?"

கயத்தான் யோசித்துப் பார்த்து, அது நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டார்.

மரத்தின் மேல் வேறு சிக்கல். விளக்கைப் பிடிக்க ஒரு கை, திருப்புளியைத் திருக ஒரு கை, ஆக வேலைக்கே இரண்டு கை வேண்டும். ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு கைதான் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதனால் இருவரும் ஏறினார்கள். இஞ்ஞாசி ஒரு கையால் விளக்கைப் பிடித்தான். சந்தியாகு ஒரு கையால் திருகினான். பாதி திருகும்போது சந்தியாகுவுக்கு மூக்கு அரித்தது.

"அண்ணே! மூக்கு அரிக்கு! எந்தக் கையால சொறியட்டும்?"

கீழே கயத்தான் வெகுநேரம் யோசித்தார். "மூக்கு மரமா?"

"இல்லண்ணே."

"வேலையா?"

"வேலையும் இல்ல."

"அப்ப மேல வச்சிச் சொறிய வழியில்ல. கீழ இறங்கிச் சொறிஞ்சிட்டுப் போ."

சந்தியாகு இறங்கினான், சொறிந்தான், ஏறினான். அவன் சொறிந்ததைப் பார்த்து இஞ்ஞாசிக்கும் அரித்தது. விளக்கோடு அவனும் இறங்கினான். இப்படி நாலு தடவை ஏறி இறங்கி, ஒருவழியாக விளக்கைப் பொருத்தி முடிக்க மணி ஐந்தாகிவிட்டது. கடைசியில் இஞ்ஞாசி ஒரு டப்பா தாரைக் கொண்டுபோய் ஒரு சொட்டுத் தண்ணீர் புகாதபடி விளக்கை மெழுகிவிட்டு வந்தான்.

பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாகத் தோணியில் ஏறி உட்கார்ந்திருந்த பிலோமினாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "விளக்கைப் போட்டுக் காட்டுங்க சித்தப்பா" என்றாள்.

பேட்டரியும் சுவிட்சும் தோணியின் கீழறையில் இருந்தன. சந்தியாகு இறங்கிப்போய்ச் சுவிட்சைப் போட்டான். உடனே அணைத்தான். மேலே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தான்.

"எரியல. புதுசும் கெட்டுப்போச்சு."

பிலோமினா அவன் பின்னாலேயே போய் இதையெல்லாம் பார்த்திருந்தாள். "ஏன் சித்தப்பா அணைச்சீங்க?"

"ஆளில்லாத இடத்துல சுவிட்சு போட்டு வைக்கப்படாதுன்னு அண்ணன் சொல்லியிருக்கு. பேட்டரி தீந்துரும்."

"நீங்க மேல வந்து பாக்கும்போது அது எரிய வேண்டாமா?"

"நான் மேல வந்துட்டா கீழ ஆளில்லையே, தாயி."

பழைய விளக்கு கெடவே இல்லை என்பது பிலோமினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவளே கீழறையில் போய் நின்று சுவிட்சைப் போட்டாள். "இப்ப பாருங்க! எரியுதா?"

மூன்று பேரும் அண்ணாந்தார்கள். "இல்ல!"

அவள் மேலே வந்து பார்த்தாள். மர உச்சியில் கறுப்பாக ஓர் உருண்டை இருந்தது. "மாமா, கண்ணாடியிலயுமா தார் பூசுனீங்க?"

இஞ்ஞாசி அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "படிச்ச பிள்ளை கேக்குற கேள்வியா இது? வெளிச்சம் போற வழியா தண்ணி வராதா?"

அந்தப் பெண்ணின் பொறுமையை நினைத்தால் எனக்கே கண் கலங்குகிறது. மண்ணெண்ணெயும் துணியும் கொடுத்து இருவரையும் மறுபடி ஏற்றி, அடியில் நின்று ஒவ்வொரு கையாகச் சொல்லிக் கொடுத்துத் தாரைத் துடைக்க வைத்தாள். பொழுது சாயும் நேரத்துக்கு விளக்கு பளிச்சென்று எரிந்தது. கயத்தான் இரண்டு கையையும் தூக்கி மாதாவைக் கும்பிட்டார். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டுமே என்று சந்தியாகு கீழறையிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டான்.

அதிகாரி விசைப்படகில் வந்தார். "ரெண்டு மைலுக்கு அந்தப் பக்கம் தெரியணும். நான் கடல்ல அந்த முனைப்பாறையில நின்னு பாக்குறேன். உங்க ஆள் ஒருத்தர் கூட வந்து, தெரியுதுன்னு கையெழுத்துப் போடணும். தெரிஞ்சா பச்சை விளக்கை மூணு தடவை காட்டுறேன். காட்டுனதும் நீங்க புறப்படலாம்."

கையெழுத்துப் போடத் தெரிந்தவள் பிலோமினா ஒருத்திதான். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விசைப்படகில் ஏறிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் முனைப்பாறையில் பச்சை விளக்கு மூன்று தடவை மின்னியது. காட்டியதும் புறப்படலாம் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். புறப்பட்டார்கள்.

தோணி முனைப்பாறையைத் தாண்டும்போது பிலோமினா பாறை மேல் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கதறினாள். காற்றில் சொல் கேட்கவில்லை, அழுகை மட்டும் கேட்டது. பாறையடியில் அதிகாரி, கிளம்ப மறுத்த விசைப்படகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், பிலோமி அழுவுது" என்றான் இஞ்ஞாசி.

"பொறந்த வீட்டை விட்டுப் போறப்ப எந்தப் பொண்ணுதான் அழாது? ஒங்க அக்கா நாலு நாள் அழுதா."

சந்தியாகு கீழறையிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தான். "அவ நிக்கால்லா, அண்ணே. நாமதானே போறோம்?"

கயத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரு போனா என்னல? பிரிவு பிரிவுதான்." மூன்று பேரும் பாறை மறையும்வரை அழுதார்கள்.

விடிந்தபோது முரல்தீவில் மேளம் கொட்டியது. மாப்பிள்ளை எஸ்தாக்கி கோட்டுப் போட்டுக்கொண்டு கரையில் நின்றான். "பொண்ணு எங்க மாமா?"

"முனைப்பாறையில இருக்கா. சுகமாத்தான் இருக்கா."

எஸ்தாக்கி விரல்விட்டு எண்ணினான். "நான் இங்க, பொண்ணு அங்க. அப்ப கல்யாணம் எங்க மாமா?"

"ரெண்டுக்கும் நடுவுல வச்சுக்கலாம்" என்றான் இஞ்ஞாசி. நடுவில் கடல்தான் இருக்கிறது, சாமியாருக்கு நீச்சல் தெரியுமோ என்னவோ என்று அதைத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையைப் பெண்ணிடம் கொண்டுபோவது என்று முடிவாகி, எஸ்தாக்கியைத் தோணியில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

அரை மணி ஓடியிருக்கும். நல்ல வெயில். எதிரே அதிகாரியின் விசைப்படகு தீவைப் பார்த்துப் பறந்து வந்தது. முன்னால் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றுகொண்டு இரண்டு கையையும் வீசி, "திரும்புங்க! திரும்புங்க!" என்று கத்தினாள்.

கயத்தான் அந்தப் படகின் உச்சியை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"பாத்தியால! நமக்கு அம்புட்டு புத்தி சொன்ன மனுசன்! அவரு படகு உச்சியில விளக்கு எரியுதா பாரு!"

"எரியல அத்தான்."

"அதுல ஒரு பொம்பளப் பிள்ளையை வேற ஏத்திட்டுப் போறாரே மாமா" என்றான் எஸ்தாக்கி.

"யாரு பெத்த பிள்ளையோ, பாவம்" என்று கயத்தான் உச்சுக்கொட்டிவிட்டு, கல்யாணத்துக்கு நேரமாகிறது, இன்னொரு பாயையும் விரி என்றார்.