நிழலுக்கு வந்த வரி

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு வியர்த்தால் ஊருக்குச் சட்டம் பிறக்கும் என்றிருந்த அந்தக் காலத்தில், வீரகேசரி என்றொரு மன்னன் இருந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். முன்கோபி. கோபத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டான். ராஜ வாக்கு அல்லவா!

கத்திரி வெயிலில் ஒருநாள் அவன் யானைமேல் நகர்வலம் போனான். தலையில் கிரீடம் கொதிக்கிறது, மார்பில் கவசம் சுடுகிறது. கீழே பார்த்தால் வாசலுக்கு வாசல் வேம்பும் புங்கமும் பூவரசும் நிற்கின்றன. அவற்றின் அடியில் ஜனங்கள் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறார்கள். மன்னனுக்குப் பொறுக்கவில்லை.

"நாட்டை ஆளுகிற நான் வெந்து சாகிறேன். இவர்கள் குளுகுளுவென்று கிடக்கிறார்கள். இதற்கு எனக்கு என்ன கொடுக்கிறார்கள்?" என்றான்.

வரித்தலைவர் அனந்தகுணாளருக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? மறுநாளே நகரசபையைக் கூட்டிவிட்டார். எங்கே கூடினார்கள் தெரியுமா? குளக்கரை அரசமரத்தின் அடியில்! சிலுசிலுவென்று காற்று வீச, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, வீட்டு வரியோடு நிழல் வரியும் கட்டவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வீதி ராஜாவுடையது. ஆகவே ஒருவருக்கு உரிய நிழல் மதிலைத் தாண்டி வெளியே விழுந்தால், விழுந்த அளவுக்கு அவர் வரி கட்டவேண்டும். மதிலுக்குள்ளேயே விழுந்தால் வரி இல்லை. சபைக்காரர்களின் தோப்புகளுக்கெல்லாம் பனை உயர மதில் இருந்தது. கூரை வீட்டுக்காரனுக்கு ஏது மதில்? அதோடு விட்டார்களா? சூரியன் உதித்ததும் அளக்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அப்போதுதானே நிழல் நீளமாக இருக்கும்! எமகாதகர்கள்.

அரசவையில் விகடகவி ஒருவன் இருந்தான். பெயர் காளத்தி. மன்னன் முகம் சுளித்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அனந்தகுணாளருக்கு அவன்மேல் தீராத பொறாமை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்க நினைத்தார்.

"மன்னர் மன்னா! ஜனங்களுக்குக் காளத்தியை மிகவும் பிடிக்கும். நிழல் வரியை வசூலிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைப்பது உத்தமம்" என்றார்.

காளத்தி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். வசூலித்தால் ஊர் காறித் துப்பும். வசூலிக்காவிட்டால் தலை போகும். எப்படிப் புரண்டாலும் முள்தான்.

"அரசே, ஒரு விண்ணப்பம். இந்தச் சட்டம் எல்லோருக்கும் பொதுவா?" என்று கேட்டான்.

"எல்லோருக்கும்தான். உரியவர் யாராயிருந்தாலும் விடாதே. வருகிற அமாவாசைக்குள் ஒரு முழ நிழல் தப்பினாலும் உன் தலை தப்பாது" என்றான் மன்னன்.

காளத்தி அளவுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். முதல் தெருவில் வழக்கம்போல ஒரு வேடிக்கை சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், உள்ளே போய்க் கோடாலியை எடுத்துக்கொண்டு வந்தார். அவன் கண்முன்னாலேயே வாசல் புங்கமரத்தை வெட்டிச் சாய்த்தார். "இப்போ அள" என்றார்.

அதன் பிறகு கயிறு போகுமுன்னே கோடாலிச் சத்தம் போயிற்று. தெருத்தெருவாக மரங்கள் விழுந்தன. இருப்பிடம் இழந்த காக்கைகள் கூட்டம் கூட்டமாக வானத்தில் கத்திக்கொண்டு திரிந்தன. காளத்திக்குச் சோறு இறங்கவில்லை. 'இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவப் போகிறேன்' என்று மனசுக்குள்ளேயே புலம்பினான். அத்தனை பேரைச் சிரிக்கவைத்தவன் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது?

அமாவாசைக்கு முந்தின நாள் காலை, ஊரின் மேற்குக் கோடியில் இருந்த சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் போனான். அந்தத் தெருவிலும் எல்லாம் மொட்டை. கடைசி வீட்டு வேம்பு மட்டும் நின்றது. அதன் அடியில் கயிற்றுக் கட்டிலில் குப்பாண்டி கிடந்தார். ஆயுள் முழுக்கச் சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்து நெஞ்சு வெந்துபோன மனுஷர். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ஆவுடையாள் விசிறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சாமி. உங்களைத்தான் எதிர்பார்த்தேன்" என்றாள் அவள். "கட்ட எங்கிட்ட ஒண்ணுமில்லே. குடிசைக்குள்ளே படுக்கவெச்சா வெக்கையிலே மூச்சு அடைக்குது. இந்த மரத்தடியிலேதான் உசிரு ஒட்டிக்கிட்டிருக்கு. வெட்டுறதுன்னா வெட்டிக்கோங்க. ஆனா இந்த ஆளு கண்ணை மூடினப்புறம் வெட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

காளத்தி அளப்பதுபோலக் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

குனிந்தவன் அப்படியே நின்றான். வேம்பின் நிழல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அதன்மேல் இன்னொரு நிழல் விழுந்திருந்தது. அகலமான நிழல். அதன் நுனியில் ஒரு கொடி ஆடியது. காளத்தி மெதுவாக நிமிர்ந்து கிழக்கே பார்த்தான். ஊருக்கு அந்தக் கோடியில், உதயசூரியனை மறைத்துக்கொண்டு, அரண்மனையின் ஏழடுக்கு மாடம் நின்றது.

"அம்மா, ஒரே ஒரு நாள் பொறு. மரத்தை யாரும் தொடமாட்டார்கள்" என்றான். கொடியின் நிழல் விழுந்த இடத்தில் ஒரு முளையை அடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் அமாவாசை. அரசவை நிறைந்திருந்தது. அனந்தகுணாளர் முகத்தில் இப்போதே தீபாவளி.

"வரி முழுவதும் வந்ததா, காளத்தி?" என்று கேட்டான் மன்னன்.

"ஒருவர் பாக்கி, அரசே. அவருடைய நிழல்தான் ஊரிலேயே பெரியது. மதிலைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, சுண்ணாம்புக்காரத் தெரு வரைக்கும் போகிறது. முடிகிற இடத்தில் முளை அடித்துவைத்திருக்கிறேன். கேட்கப் பயமாக இருக்கிறது."

"யார் அந்த அகங்காரி? பெயரைச் சொல்!"

"இந்த அரண்மனைக்கு உரியவர், அரசே."

அனந்தகுணாளர் துள்ளி எழுந்தார். "ராஜ நிந்தனை! சட்டம் மர நிழலுக்கு மட்டுமே!"

"சபையார் போட்ட தீர்மானத்தில் மரம் என்ற சொல்லே கிடையாதே, ஐயா. தங்கள் தோப்பு தப்பவேண்டும் என்று மதிலைப் பற்றி யோசித்தீர்கள். மாடத்தை மறந்துவிட்டீர்கள்" என்றான் காளத்தி.

மன்னன் முகம் சிவந்தது. ஆனால் 'யாராயிருந்தாலும்' என்று சொன்னது அவன் வாய்தானே? "நானே வந்து பார்க்கிறேன். முளை எங்கே இருக்கிறது?" என்று எழுந்தான். சபையார் எல்லோரும் பின்னால் நடந்தார்கள்.

மாடத்தடியிலிருந்து கயிறு போட்டு அளந்துகொண்டே போனார்கள். கயிறு நீள நீளப் பொழுதும் ஏறியது. நிழல் சுருங்கி அரண்மனைப் பக்கமே போய்விட்டது. வெயில் நடுமண்டையில் இறங்கியது. ஒதுங்கி நிற்க வழியில் ஒரு மரம் இல்லை. வெட்டுப்பட்ட அடிமரங்கள் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. சேவகன் ஓடிவந்து மன்னன் தலைக்குமேல் வெண்குடையைப் பிடித்தான்.

"அரசே, குடையின் நிழலும் மதிலுக்கு வெளியேதான் விழுகிறது. அதையும் அளந்துவிடட்டுமா?" என்றான் காளத்தி, பணிவாக.

"மடக்கு அந்தக் குடையை!" என்று உறுமினான் மன்னன்.

சுண்ணாம்புக்காரத் தெருவுக்கு வந்தபோது மன்னனுக்குக் கண் இருண்டது. நாக்கு ஒட்டிக்கொண்டது. முளையைத் தேடவில்லை அவன். எதிரே ஒரு பச்சை தெரிந்தது. தள்ளாடிப் போய் அந்த வேம்பின் அடியில் நின்றுவிட்டான்.

கட்டிலில் கிடந்த குப்பாண்டி மன்னனைக் கண்டு கும்பிட எழப் பார்த்தார். எழ முடியவில்லை. பாதி எழுந்து, இருமி, அப்படியே சரிந்தார். ஆவுடையாள் அவரைத் தாங்கிப் படுக்கவைத்தாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை மன்னனிடம் நீட்டினாள்.

காளத்தி கயிற்றோடு வந்து நின்றான். "இந்த நிழலுக்கும் வரி உண்டு, அரசே. யாரிடம் கேட்கட்டும்? மரம் வைத்த இந்த அம்மாளிடமா, அதில் ஒதுங்கிய தங்களிடமா?"

"சும்மா இருங்க சாமி" என்று அதட்டினாள் ஆவுடையாள். "வெயில்லே வந்தவங்க. மொதல்லே மூச்சு வாங்கட்டும்."

மன்னன் தண்ணீரைக் குடித்தான். தெருவைப் பார்த்தான். அனந்தகுணாளர் வேம்படிக்கு வரலாமா கூடாதா என்று தெரியாமல் வெயிலில் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் மன்னனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தான், சிரித்தான், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"என் வாக்கை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நிழலுக்கு வரி இல்லை" என்றான். அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தன் முத்துமாலையைக் கழற்றி, "காளத்தி, உன் தலையைக் காப்பாற்றிக்கொண்டாய். பிடி" என்றான்.

"மாலை வேண்டாம், அரசே. வெட்டிய மரத்துக்கெல்லாம் கன்று வைக்கச் சொல்லுங்கள். நகரசபை இனிமேல் அரசமரத்தடியில் கூடவேண்டாம். இந்தத் தெருவில், வெட்டவெளியில், உச்சிவேளையில் கூடட்டும். கன்றுகள் வளர்ந்து நிழல் தருகிற வரைக்கும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் மன்னன்.

குப்பாண்டி ஐப்பசி மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அந்த வேம்பின் அடியில்தான் உயிர் பிரிந்தது. காளத்தி வந்து தோள் கொடுத்தான். அன்றைக்கு அவன் ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

கன்றுகள் அப்போது முழங்கால் உயரம். சபைக்காரர்கள் ஆளுக்கொரு குடம் சுமந்துவந்து தண்ணீர் ஊற்றிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொதிக்கும் மண்ணில் உட்கார்ந்து கூட்டம் நடத்தினார்கள். அந்தக் கன்றுகள் மரமாகிற வரைக்கும் அந்த ஊரில் புதுசாக ஒரு வரி போட ஒருவருக்கும் வாய் வரவில்லை.