கீரி வாங்கிய விறகுச் சலுகை

மலையடிவாரக் காட்டில் ஒரு கீரியும் ஒரு முள்ளம்பன்றியும் அடுத்தடுத்த வளைகளில் குடியிருந்தன. மார்கழி வந்தால் அங்கே மூக்கு விறைத்துப்போகும். எல்லா விலங்குகளும் வீட்டுக்குள் விறகு எரித்துக் குளிர்காயும். வளைகளில் ஓட்டைகள் ஏராளம். பாதிச் சூடு வெளியே போய்விடும்.

இப்படி எரித்து எரித்துக் காட்டில் விறகு அருகிப்போனது. யாரும் கவலைப்படவில்லை. ஒருநாள் சிங்கராஜாவின் குகையிலேயே நெருப்பு அணைந்தது. மறுநாள் ராஜாவுக்குக் காட்டின்மேல் அக்கறை பிறந்துவிட்டது.

அரண்மனைக்கு ஆண்டு வரி பத்துக் கட்டு விறகு. "ஓட்டைகளை அடைத்துச் சூட்டைக் காப்பவர்களுக்கு வரியில் பாதி தள்ளுபடி" என்று ராஜா அறிவித்தார்.

முள்ளம்பன்றி அன்றே களிமண்ணில் காய்ந்த புல்லைப் போட்டுக் குழைத்தது. நான்கு நாள் குனிந்தபடியே ஓட்டைகளை அடைத்ததில் அதற்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

கீரி வாசலில் படுத்து வேடிக்கை பார்த்தது.

"அண்ணே, சோதனைக்கு வரப்போவது யார் தெரியுமா?"

"கொக்கு அதிகாரி."

"வெள்ளைச் சிறகில் ஒரு பொட்டு அழுக்கு பட்டால் அது மூன்று நாள் குளிக்கும். வளைக்குள் தலையை விடுமா? வெளியே பளிச்சென்று இருந்தால் போதும்."

"குளிர் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடாது, தம்பி."

கீரி கேட்கவில்லை. ஓட்டைகளின் மேல் தேக்கிலைகளை வைத்து மண்ணால் மெழுகியது. மாலைக்குள் வேலை முடிந்தது.

கொக்கு வந்தது. தூரத்திலேயே நின்றது. "கீரி வீடு பிரமாதம். முள்ளம்பன்றி வீடு கொஞ்சம் கரடுமுரடு, சரி, போகட்டும்" என்று இரண்டுக்கும் சலுகை கொடுத்துவிட்டுப் பறந்தது. கீரி மிச்சமான ஐந்து கட்டுகளை வாசலில் அடுக்கி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியது.

மார்கழிக் காற்று முதல் நாளே இலைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. ஐந்து கட்டும் மூன்று நாளில் தீர்ந்தன. குளிர்காலத்துக்கென்று சேர்த்த விறகும் பத்து நாளில் முடிந்தது. கடைசியில் கீரி தன் வீட்டுக் கதவை எரித்தது. பிறகு குளிர் கூச்சமில்லாமல் நேராகவே உள்ளே வந்தது.

கீரி நடுங்கிக்கொண்டே முள்ளம்பன்றி வீட்டுக்குப் போனது. அங்கே நாலே நாலு சுள்ளி எரிந்தது. வீடு முழுக்க இதமான சூடு.

"அண்ணே, ஒரு ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன்."

"தாராளமாக, தம்பி. இடம் கொஞ்சம் நெருக்கடி. அதோடு நான் தூக்கத்தில் புரளுவேன்."

கீரி முட்களைப் பார்த்தது. வெளியே ஊளையிட்ட காற்றைக் கேட்டது. ஓரமாகப் படுத்துக்கொண்டது.

விடியும்போது அதன் உடம்பில் பதினேழு முட்கள். உட்கார முடிகிற அளவுக்கு நாலைந்தைப் பிடுங்கிவிட்டு, களிமண் குழைக்கப் போனது.

அதிகாரி கண்ணில் மண்ணைத் தூவி வரியைக் குறைத்துவிடலாம், ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்யாதவன் வீட்டில் விறகுச் செலவு குறையாது.