பக்கத்து சீட்டின் எடை

ஜெசிந்தா மேஸ்திரியிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர்களிலேயே மூத்தவர் தெய்வசிகாமணி. மேஸ்திரிக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்தொன்பது. மில்லில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரை அளந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கோயம்புத்தூரில் மேஸ்திரி நடத்திய கார் பட்டறைக்கு தினமும் காலை எட்டு மணிக்கு டிபன் கேரியரோடு வந்துவிடுவார்.

அவரிடம் இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. மனைவி சுலோச்சனாவோடு மலைமலையாகச் சுற்றலாம் என்று வாங்கியது. முதல் பயணத்தில், கோத்தகிரி ஏறும்போது மூன்றாவது வளைவிலேயே சுலோச்சனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். "முழுசா சரி பண்ணிட்டுக் கூப்பிடறேன்" என்று தெய்வசிகாமணி சொல்லி எட்டு மாதம் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை.

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, வண்டியின் உடம்போடு சேருகிற இடத்தில் கை அசையும்போது அதிர்ச்சியைத் தாங்க ஒரு ரப்பர் வளையம், புஷ் என்பார்கள், இருக்கும். அது கிழிந்து போயிருந்தது. ஒரு நாள் காலை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரி முன்னால் வந்து நின்றார்.

"பழைய புஷ்ஷைக் கழட்டிட்டு முதல்ல கெட்டியான பிளாஸ்டிக் புஷ் போட்டனுங்க. பல்லெல்லாம் ஆடுச்சு. அப்புறம் ரேஸ் வண்டிக்குப் போடற ரப்பர். ரெண்டே மாசத்துல கிழிஞ்சிருச்சு. இதை விட ஒசத்தியா எது இருக்குதுங்க?"

மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"வலது கையைத் தொங்கப் போடுங்க சார்."

தொங்கப் போட்டார். ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை எடுத்து அவர் முழங்கையில் நான்கு சுற்று இறுக்கிச் சுற்றினார் மேஸ்திரி.

"இப்ப டீயை எடுத்துக் குடிங்க."

கையை மடக்கியதும் தெய்வசிகாமணி கத்திவிட்டார்.

"இழுக்குதுங்க! தோலோட வருது."

"மட்டமான டேப்போ என்னமோ. ஒசத்தி டேப் வாங்கியாரட்டுங்களா?"

"டேப் நல்ல டேப்தானுங்க. கை தொங்கும்போது சுத்திட்டு, மடக்கச் சொன்னா..." தெய்வசிகாமணி கிழிந்த புஷ்ஷைப் பார்த்தார்.

"புஷ் போல்ட்டை எப்ப முறுக்கினீங்க?"

"ஜாக்கி வெச்சு வண்டியைத் தூக்கி... சக்கரம் தொங்கிட்டிருக்கும்போது."

மேஸ்திரி தன் டீயைக் குடித்து முடித்தார். தெய்வசிகாமணி டேப்பைப் பிய்க்க மறந்து நின்றார். சக்கரம் தரையில் பட்டதும் இரும்புக் கை மடங்கும்; அப்படியென்றால் வண்டி தரையில் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஷெட்டில் சும்மா நின்றபோதும்கூட.

மதியத்துக்குள் புது ரப்பர் புஷ் ஏறியது. போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகிவிட்டு, அடியில் இறங்கி வேலை பார்க்கிற பள்ளத்துக்கு மேலே வண்டியை நான்கு சக்கரத்திலும் நிற்க வைத்தார்கள். தெய்வசிகாமணி ஸ்பேனரோடு பள்ளத்தில் இறங்கினார்.

"முறுக்கட்டுங்களா?"

"காலி வண்டியாவா ஓட்டப் போறீங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இன்ஜினியர் அல்லவா! ஓடிப்போய் எழுபத்தெட்டு கிலோ மணலை மூட்டைகளாகக் கட்டி, டிரைவர் சீட்டில் வைத்து பெல்ட்டும் மாட்டினார். அவருடைய எடை, துல்லியமாக.

"பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

"என்ற வீட்டுக்காரி."

"எத்தனை கிலோ?"

நாலு டயரின் காற்றழுத்தமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இது தெரியவில்லை.

"அறுபது இருக்கும்னு வெச்சு, அதையும் மணலாவே போட்டுடலாங்களா? ரப்பருக்கு மணலும் மனுசரும் ஒண்ணுதானுங்களே?"

"ரப்பருக்கு ஒண்ணுதான்."

"அப்புறம் என்னங்க?"

"எங்க வலிக்குதுன்னு மூட்டை சொல்லாது."

தெய்வசிகாமணி ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"முழுசா சரி பண்ணிட்டுத்தான் கூப்பிடுவேன்னு சொல்லிட்டனுங்க. பாதி வேலையில எப்படிக் கூப்பிடறது?"

"மீதிப் பாதி அவங்க வந்தாத்தான் முடியும்."

அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. கூப்பிட்டு, வரமாட்டேன் என்று சுலோச்சனா சொல்லிவிட்டால்? எட்டு மாதமாக அவர் புஷ் மாற்றிக்கொண்டிருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். இருந்தாலும் போனை எடுத்தார்.

"சரியாயிருச்சுங்களா?" என்று கேட்டது சுலோச்சனாவின் குரல்.

"இல்ல. நீ வந்து உக்காந்தாத்தான் ஆகுமாம்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஸ்டாப்புல இறங்கோணும்?"

ஒரு மணி நேரத்தில் சுலோச்சனா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். டிரைவர் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மணல் மூட்டைகளைப் பார்த்தார்.

"இது யாருங்க?"

"நான்தான்" என்றார் தெய்வசிகாமணி.

"பரவாயில்ல, குறுக்க பேச மாட்டீங்க."

மேஸ்திரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுலோச்சனா பக்கத்து சீட்டில் ஏறி, புடவையை இழுத்துவிட்டு, இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து அப்படியும் இப்படியும் நகர்ந்து பார்த்தார். மேஸ்திரியும் சீடரும் பள்ளத்தில் இறங்கி விளக்கைப் பிடித்தார்கள். வண்டியின் உடம்பு தாழ, இரும்புக் கை மெல்ல அசைந்து, ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றது. தெய்வசிகாமணி அதையே வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுலோச்சனாவின் எடையை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினார்.

"உக்காந்துட்டாளுங்க. இப்ப முறுக்கட்டுங்களா மேஸ்திரி?"

"உக்காந்திருக்கறது நானா? மேலே அவங்களைக் கேளுங்க சார்."