ஆனைமறிச்சானுக்கு வந்த தனிப்பாதை பஸ்

ஆனைமறிச்சான் ஊர்க்காரர்களை யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். பெரியவர்கள் சொன்ன சொல்லை அவர்களைப் போல அப்படியே கேட்டு நடக்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தொல்லையெல்லாம் அதனால்தான் வந்தது.

பட்டணத்தில் தனிப்பாதை பஸ் என்று ஒன்று ஓடியது. சாலை நடுவில் அதற்கென்று பாதை, வேறு வண்டி அதில் வரக் கூடாது. பாதைக்கு நடுவே ஒரு மேடை இருக்கும், அதில் நின்றுதான் ஏற வேண்டும். பஸ் சர்க்கரை ஆலை வரைக்கும் வந்து திரும்பிவிடும். ஆனைமறிச்சானிலிருந்து ஆலைக்கு நாலு மைல், அதை ஊரே நடந்துதான் போகும்.

மற்றவர்கள் கதை கிடக்கட்டும், பவுனம்மாள் பாடுதான் பாவம். மல்லிகை மொட்டைப் பறித்துக் கூடையில் சுமந்து போவாள். நாலு மைல் நடந்து, பஸ் பிடித்து, மார்க்கெட்டில் இறங்குவதற்குள் மொட்டெல்லாம் விரிந்துவிடும். விரிந்த பூவை எந்த வியாபாரி வாங்குவான்? திரும்பக் கொண்டுவந்து கோயிலில் கொடுத்துவிடுவாள். ஊர்ப் பிள்ளையார் எந்நேரமும் கழுத்து வரைக்கும் பூவில் உட்கார்ந்திருந்தார்.

இந்த நிலையில் பொறியாளர் தணிகாசலம் வந்து, பஸ்ஸை ஊர் வரைக்கும் நீட்டப்போவதாகச் சொன்னார். பவுனம்மாள் அங்கேயே அவருக்கு ஒரு கை மொட்டு கொடுத்துக் கும்பிட்டாள்.

ஊர்த்தலைவர் மாசிலாமணியிடம் அவர் மூன்று விஷயம் சொன்னார். மேடை, பஸ்ஸின் தரை உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். பாதை பஸ்ஸுக்கு மட்டும்தான், மனுஷரோ மாடோ அதில் கால் வைக்கவே கூடாது. முதல் பஸ் வரும் நாளில் மேடையில் கூட்டம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பாதையைத் தோப்புப்பாளையத்துக்குத் திருப்பிவிடுவார்கள்.

பஸ்ஸை அளந்து வர ஊர்க்காரன் குப்பாண்டி ஆலைக்குப் போனான். பஸ் பக்கத்தில் நின்று பார்த்தான், தரை அவன் தொப்புளுக்கு ஒரு விரல் கீழே வந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தவன், வழியில் மூக்கில் ஈ உட்கார்ந்தும் எடுக்காமல் நாலு மைல் நடந்து வந்தான்.

கொத்தனார் அவனையே பக்கத்தில் நிறுத்திவைத்து, விரல் இருந்த உயரத்துக்கு மேடையைக் கட்டினார். மேடையைச் சுற்றிலும் பாதைக்குத் தாரும் போட்டார்கள். வேலை முடிந்ததும் கொத்தனார் சாப்பிடப் போய்விட்டார். குப்பாண்டி மட்டும் மேடை கெட்டியாக இருக்கிறதா என்று ஏறி நின்று மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்நேரம் பார்த்து மாசிலாமணி தண்டோரா போட்டுவிட்டார்: பாதை தயார், இந்த நிமிஷம் முதல் யாரும் கால் வைக்கக் கூடாது.

குப்பாண்டி இறங்க வேண்டும். இறங்கினால் பாதைதான். ஊர் கூடியது.

"ஓடி வந்துட்டா?" என்றான் அவன் மச்சான்.

"ஓடினாலும் கால் படும்லப்பா," என்றார் மாசிலாமணி.

குப்பாண்டி பெண்டாட்டி மூணு வேளையும் தொரட்டிக் கம்பில் சோற்றுப் பொட்டலத்தை மாட்டி நீட்டினாள். குப்பாண்டி பதினோரு நாள் மேடையிலேயே குடியிருந்தான்.

பஸ் வந்த நாளில் ஊரே புதுத்துணி உடுத்திப் பாதையின் இரண்டு ஓரத்திலும் நின்றது. கூடையோடு பவுனம்மாள் முதல் ஆளாக நின்றாள். பஸ் வந்தது, கதவு திறந்தது. மேடையில் குப்பாண்டி மட்டும் நின்றான், அவன் மட்டும் ஏறினான். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே இருந்த தணிகாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. வேடிக்கை பார்க்க ஒரு ஊரும் ஏற ஒரே ஆளுமா என்று குப்பாண்டியைத் திட்டித் தீர்த்தார். ஒரு வாரம் பஸ் ஓடும், திங்கட்கிழமை தான் வரும்போது மேடை நிறைந்திருக்காவிட்டால் தோப்புப்பாளையம்தான் என்று சொல்லி அவனை ஆலையில் இறக்கிவிட்டார். அவன் நடந்து வந்து விஷயத்தைச் சொன்னான். பவுனம்மாள் அழுதேவிட்டாள். எனக்கே மனசு கேட்கவில்லை.

மறுபடியும் ஊர் கூடியது. மாசிலாமணி கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார்.

"குப்பாண்டி மேடையை விட்டு எதுல போனான்?"

"பஸ்ஸுல, தலைவரே."

"பாதையில பஸ்ஸு வரலாமா?"

"பஸ்ஸு மட்டும்தான் வரலாம்."

"அப்ப மேடையை விட்டுப் போகவும் பஸ்ஸுதான், மேடைக்கு வரவும் பஸ்ஸுதான். இது புரியாம பதினோரு நாளு அவனுக்குச் சோறு நீட்டிட்டு இருந்திருக்கோம்."

இப்படி ஒரு தலைவர் கிடைத்ததற்கு ஊர் பெருமைப்பட்டது.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் ஊரே கிளம்பி ஆலைக்கு நாலு மைல் நடந்தது. ஆலைப் பாதையில் கால் வைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, அங்கே பஸ் ஏறி ஆனைமறிச்சானுக்கு வந்து மேடையில் இறங்கியது. மூன்று நடை கொண்டுவந்து இறக்கியதில் மேடை நிறைந்து வழிந்தது. இனி அடுத்த பஸ் பிடித்துப் பட்டணம் போக வேண்டியதுதான்.

நாலாவது பஸ்ஸில் வந்த தணிகாசலத்துக்கு இறங்கி நிற்கவே இடம் கிடைக்கவில்லை. வரும் பஸ்ஸிலும் கூட்டம், போகும் பஸ்ஸிலும் கூட்டம். மனுஷர் நெகிழ்ந்துபோனார். அங்கேயே கையெழுத்துப் போட்டு, பஸ் இனி நிரந்தரம் என்று அறிவித்து, வேறு குறை உண்டா என்று கேட்டார். எல்லோரும் பவுனம்மாளை முன்னால் தள்ளினார்கள்.

"ஐயா, ஊருக்குள்ளயே பஸ் வந்துடுச்சு, புண்ணியமாப் போகும்," என்றாள். "ஒரே ஒரு குறை. இங்க வந்து பஸ் ஏறணும்னா ஆலை வரைக்கும் நடக்க வேண்டியிருக்கு. அதுக்குள்ள மொட்டு விரிஞ்சுடுது. ஊர்லேருந்து ஆலைக்கு ஒரு பஸ் விட்டீங்கன்னா பிழைச்சுக்குவேன்."

"இந்த பஸ்ஸே ஆலை வழியாத்தானேம்மா போகுது?"

"போகுதுங்க. இதுல ஏறணும்னா மேடைக்கு வரணுமே. அதுக்குத்தாங்க கேக்குறேன்."

தணிகாசலம் அவளைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். கண்ணில் தண்ணீரோடு ஒரு பெண்பிள்ளை கேட்கும்போது அவருக்கு மறுக்க மனம் வரவில்லை.

அடுத்த மாதமே ஆலைக்குப் போக இன்னொரு பஸ் வந்துவிட்டது. அதற்கும் தனிப்பாதை போட்டு, நடுவில் ஒரு மேடை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மேடைக்குப் போகிற பஸ்ஸை எங்கே போய்ப் பிடிப்பது என்று ஊர் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறது.