கடைசி மூட்டை விதை

ஞானம் அடைந்தவர்களுக்கு நாக்கு செத்துவிடும் என்றொரு நம்பிக்கை நாட்டில் நிலவுகிறது. இது முற்றிலும் ஆதாரமற்றது. செங்கம் பக்கத்து மடமொன்றின் குரு வேதநாயகி அம்மாளுக்குத் தயிர் இல்லாமல் சாப்பாடு இறங்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

அன்று சாயங்காலம் அம்மாள் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

பூவராகன் சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றார். மடத்து நிலத்தைப் பார்த்துக்கொள்பவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பூட்டிய கதவுக்கும் முட்டுக் கொடுப்பவர்.

"கடலை போச்சும்மா. வேரழுகல். பிடிச்சு இழுத்தா செடி கையோட வருது."

"மருந்து?"

"ரெண்டும் போட்டேன். பூஞ்சைக்கொல்லி, அதோட டிரைக்கோடெர்மா."

"அது என்ன ரெண்டாவது?"

"அதுவும் பூஞ்சைதான், உசிருள்ளது. பொடியா பாக்கெட்ல வரும். கெட்ட பூஞ்சையைத் தின்னுடும். ரெண்டையும் ஒண்ணாக் கலந்து, விதையில புரட்டித்தான் விதைச்சேன்."

"இனி?"

"விதை ஒரு மூட்டைதான் மிச்சம். ஈரம் காயறதுக்குள்ள திரும்ப விதைக்கணும். இதுவும் போனா இந்த வருஷம் மடத்துல விளக்குக்கும் எண்ணெய் இல்லை, தாளிக்கவும் இல்லை."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை ரெண்டையும் ரெட்டிப்பாக் கலக்கப் போறேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்."

அம்மாள் ஆசீர்வாதம் பண்ணவில்லை. பால் பொங்கி வந்தது. உறைமோர்க் கிண்ணத்தை எடுத்து அதில் கவிழ்த்தார்.

"அம்மா, பால் கொதிக்குதே."

"காய்ச்சாத பால் கெட்டுப்போகும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"காய்ச்சணும்தான். அதுக்குன்னு கொதியிலயா உறை ஊத்துவாங்க? செத்துப்போகுமே."

"நல்ல உறைதான் ஐயா. போதாதுன்னா இன்னொரு கிண்ணம் ஊத்தவா?"

"எத்தனை ஊத்தினாலும் அதே கதிதான். முதல்ல பால் ஆறணும்மா. அப்புறம்தான்..."

அவர் வாய் அப்படியே நின்றது.

அம்மாள் திரிந்த பாலைக் கிண்டிக்கொண்டே, "அப்புறம்தான்?" என்றார்.

பூவராகன் விறுவிறுவென்று கொட்டகைக்குப் போனார். விதை மூட்டைக்குப் பக்கத்தில் பூஞ்சைக்கொல்லி டப்பாவை மட்டும் விட்டுவைத்தார். பொடிப் பாக்கெட்டுகளை வாரிக்கொண்டு போய், தள்ளியிருந்த மக்கிய எருவில் கொட்டிக் கலந்து, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடினார். செடி எழும்பி நிற்கும்போது அந்த எரு வேருக்குப் போகும்.

அந்த மூட்டையில் விளைந்த கடலையை ஐப்பசி முழுக்க மடத்தில் அவித்துத் தின்றார்கள். செக்குக்கும் வண்டி போயிற்று. அதெல்லாம் பிற்பாடு.

மறுநாள் மதியம் தயிர் இல்லை. அம்மாள் பொழுது சாயும்வரை யாரோடும் பேசவில்லை.